வெண்கலத்தில் வார்த்த கிரேக்க, ரோமானியத் தெய்வங்கள்: பழைய பிரதிச் சிலைகளைச் சேகரிக்கத் தொடங்குவோருக்கு

இடது கால் விரல் நுனியில் நின்று வலக்கையை வானுக்கு நீட்டும் மெர்குரி, கைகளில்லாத வீனஸ், பாம்புகளோடு போராடும் ட்ராய் நகரப் பூசாரி லவோகூன், தாளம் போட்டு ஆடும் காட்டுத் தேவன் ஃபான். பழம்பொருள் ஏலங்களில் அடிக்கடி கண்ணில் படும் இந்த வெண்கலச் சிலைகளில் ஏறக்குறைய எல்லாமே பிரதிகள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ரோமிலும் நேபிள்ஸிலும் பாரிஸிலும் இருந்த வார்ப்பகங்கள் அருங்காட்சியகச் சிலைகளைப் பார்த்துச் சிறிய அளவிலும், சில சமயம் அதே அளவிலும் வார்த்து விற்றவை.

பிரதி என்பதால் இவற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். நல்ல வார்ப்பகத்தில் வார்த்து, தேர்ந்த கைகள் உளியால் திருத்தி முடித்த ஒரு சிலை தன்னளவிலேயே கலைப்பொருள். ஆனால் அதே வீனஸைப் பத்து ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு பட்டறையில் வார்த்து, பச்சை நிறம் ஏற்றி, பழைய பெயரைப் பொறித்தும் விற்கிறார்கள். எட்ட நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். விலையோ பல மடங்கு வேறுபடும். புதிதாக வருபவர்கள் பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான். சிலையின் அழகில் மயங்கி வார்ப்பைப் பார்க்கத் தவறுகிறார்கள். எந்தத் தெய்வம் என்ற கேள்வி எளிது. யார் வார்த்தது, எப்படி வார்த்தது, எப்போது வார்த்தது என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது.

படி 1: மூலச் சிலை எப்போது கிடைத்தது?

எந்தப் பிரதியும் தன் மூலம் வெளிச்சத்துக்கு வருவதற்கு முன் பிறந்திருக்க முடியாது. இந்த எளிய கணக்கைப் பலர் போட்டுப் பார்ப்பதே இல்லை.

மிலோஸ் தீவின் வீனஸ் 1820-ல் கிடைத்தது, அடுத்த ஆண்டே பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. அதன் பிரதியை 18ஆம் நூற்றாண்டுப் பொருள் என்று யாராவது எழுதியிருந்தால் அந்த விற்பனையாளரின் மற்ற குறிப்புகளையும் நம்ப வேண்டியதில்லை. எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பொம்பெய்யின் ஆடும் ஃபான் 1830-ல் தோண்டி எடுக்கப்பட்டது. அந்த வீட்டுக்கே 'ஃபான் வீடு' என்று பெயர் வந்துவிட்டது. நார்சிசஸ் என்று அழைக்கப்படும் சிறிய வெண்கலம் 1862-ல் அதே நகரில் கிடைத்தது. அது உண்மையில் மதுவின் தெய்வமான டயோனிசஸ் என்றே இன்று கருதுகிறார்கள், ஆனால் சந்தையில் பழைய பெயர்தான் வழங்குகிறது, தேடும்போது நார்சிசஸ் என்றே தேடுங்கள். சாமோத்ரேஸின் சிறகுள்ள வெற்றித் தேவதை 1863-ல் கிடைத்தாள். கப்பல் முகப்பின் மேல் அவளை நிறுத்தியது 1880களில்தான், ஆகவே கப்பல் முகப்போடு வரும் பிரதி அதற்குப் பிந்தியது. ஒலிம்பியாவின் ஹெர்மஸ் 1877. ஆர்ட்டெமிசியம் கடலடியிலிருந்து எடுத்த, கையை ஓங்கி நிற்கும் சியூஸ் (சிலர் பொசைடன் என்பார்கள்) 1926-லும் 1928-லும் பகுதி பகுதியாக மேலே வந்தது. 19ஆம் நூற்றாண்டுப் பிரதி என்று அதை யாராவது காட்டினால் அப்படி ஒன்று இருக்க வழியே இல்லை.

லவோகூன் இதைவிடச் சுவையானது. 1506-ல் ரோமில் கிடைத்தபோது தந்தையின் வலக்கை இல்லை. பின்னர் அதை மேல்நோக்கி நீட்டிய கையாக ஒட்டுப்போட்டார்கள். அந்த நீட்டிய கைதான் நூற்றாண்டுகளாகப் பெரும்பாலான பிரதிகளில் வருகிறது. தலைக்குப் பின்னால் மடங்கிய உண்மையான கை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கண்டெடுக்கப்பட்டது. 1950களின் இறுதியில் சிலையோடு சேர்க்கப்பட்டது. எனவே மடங்கிய கையோடு ஒரு லவோகூன் வந்தால் அது பெரும்பாலும் அதற்குப் பிறகு வார்த்தது. நீட்டிய கை இருந்தால் மட்டும் பழையது என்று ஆகிவிடாது, பழைய பிரதியிலிருந்து புதிதாக அச்செடுத்திருக்கலாம்.

இன்னொன்றையும் பிரித்துப் பாருங்கள். பறக்கும் மெர்குரி பழங்காலச் சிலையே அல்ல. ஜாம்போலோன்யா என்ற சிற்பி 16ஆம் நூற்றாண்டில் செய்தது, மிகப் புகழ்பெற்ற வடிவம் ஃபிளாரன்ஸ் நகரின் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காற்றுத் தேவனின் வாயிலிருந்து வரும் ஊதுகாற்றின் மீது மெர்குரி நிற்கிறான். மலிவான பிரதிகளில் அந்தக் காற்றுத் தேவனின் முகம் ஓர் உருண்டையாகத் தேய்ந்து போயிருக்கும்.

படி 2: மூன்று ஊர்களின் கைவரிசை

முதலில் ரோம். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் கல்வியின் ஒரு பகுதியாக இத்தாலியைச் சுற்றி வந்தார்கள். அவர்களுக்காகவே ஜாகோமோ ஜோஃபோலி, ஜோவானி ஜோஃபோலி, பிரான்செஸ்கோ ரிகெட்டி ஆகியோர் கணப்பு மாடத்தின் மேல் வைக்கத்தக்க சிறு வெண்கலங்களைச் செய்தார்கள். 1790களில் விலைப்பட்டியலும் வெளியிட்டார்கள். அளவு பெரும்பாலும் 30 செ.மீ.க்குச் சற்று முன்பின் இருக்கும். கையொப்பமிட்டவை அரிதானவை, விலையும் அதிகம். தொடங்குபவருக்கு இது முதல் இலக்காக வேண்டாம். ரோமின் பெயரைச் சொல்லி விற்கப்படும் பெயரில்லா வார்ப்புகள் ஏராளம்.

அடுத்து நேபிள்ஸ். எரிமலையில் புதைந்த இன்னொரு நகரமான ஹெர்குலேனியத்தில் 1738-லும் பொம்பெய்யில் 1748-லும் அகழ்வு தொடங்கியதிலிருந்து கிடைத்த வெண்கலங்கள் இந்நகரின் அருங்காட்சியகத்தில் குவிந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுற்றுலாப் பயணிகளுக்காக அவற்றின் பிரதிகள் பெருமளவில் வார்க்கப்பட்டன. 1870-ல் தொடங்கிய கியூராட்ஸி, சாபாடினோ தெ ஆஞ்சலிஸ், புகைப்படக் கலைஞராகவும் பெயர்பெற்ற ஜார்ஜியோ சோமர் ஆகிய மூன்று பெயர்களை நினைவில் வையுங்கள். ஆடும் ஃபான் முக்கால் மீட்டர் அளவே, நார்சிசஸ் அதைவிடச் சிறியது. அதனால் நேபிள்ஸ் வார்ப்பகங்கள் மூலத்தின் அளவிலேயே இவற்றை விற்றன, சிறிய அளவிலும் விற்றன. ஒரே சிலையை மூன்று மேல்நிறங்களில் வாங்கலாம்: பொம்பெய் பாணியில் பச்சை, ஹெர்குலேனியம் பாணியில் கருமை, மறுமலர்ச்சிக் காலப் பாணியில் பழுப்பு. ஆகவே நேபிள்ஸ் சிலையின் பச்சை நிறம் மண்ணில் புதைந்து வந்ததல்ல, வார்ப்பகத்திலேயே ஏற்றியது. அதை மோசடி என்று நினைக்கவும் வேண்டாம், பழமைக்குச் சான்று என்று நம்பவும் வேண்டாம்.

மூன்றாவது பாரிஸ். தொடங்குபவருக்கு எங்கள் பரிந்துரை இதுதான், காரணம் ஆவணங்கள். 1836-ல் அஷில் கோலாஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ஒரு சிலையை எந்த விகிதத்துக்கும் துல்லியமாகச் சுருக்கிச் செதுக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். 1838-ல் ஃபெர்டினாண்ட் பார்பெடியென் என்ற தொழிலதிபருடன் கூட்டுச் சேர்ந்தார். அருங்காட்சியகச் சிலையின் பிளாஸ்டர் அச்சு மீது ஒரு ஊசி ஊர்ந்து செல்ல, மறுமுனையில் வெட்டுக்கருவி சிறிய பிளாஸ்டரில் அதே வளைவுகளைச் செதுக்கும். அதிலிருந்து ஒரு தாய் வெண்கல மாதிரியைச் செய்து, அதைக் கொண்டு மணல் அச்சுகள் எடுத்து வார்த்தார்கள். ஒரே வீனஸைப் பல அளவுகளில் பட்டியலிட்டு விற்றார்கள். அந்தப் பட்டியல்கள் இன்றும் கிடைப்பதால், உங்கள் கையில் இருக்கும் சிலையின் உயரம் பட்டியலில் உண்டா என்று ஒத்துப்பார்க்க முடியும். பார்பெடியென் 1892-ல் இறந்தபின் உறவினர் லெப்லாங்க் நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்தினார். ஆகவே பார்பெடியென் முத்திரை இருந்தாலே 19ஆம் நூற்றாண்டு என்று முடிவு கட்டாதீர்கள்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் எல்கிங்டன் நிறுவனம் வேறு வழியில் போனது. மின்சாரத்தைக் கொண்டு அச்சுக்குள் செம்பைப் படியவைத்தார்கள். அது வார்ப்பே அல்ல. உட்புறம் குருமணலாகச் செந்நிறத்தில் இருக்கும், எடையும் குறைவு. அதற்கென்று தனிச் சேகரிப்பாளர்கள் உண்டு.

படி 3: வெண்கலம்தானா?

பார்க்கப் போகும்போது கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை: சிறிய எல்.இ.டி. டார்ச், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், காந்தம், அளவு நாடா, பல் மருத்துவர் பயன்படுத்துவது போன்ற நீண்ட கைப்பிடிக் கண்ணாடி, பஞ்சு குச்சி, சிறு புட்டியில் காய்ச்சி வடித்த நீர், மென்மையான விரிப்பு. விரிப்பை மறந்தால் சிலையைக் கவிழ்த்துப் பார்க்க முடியாது, கவிழ்க்காமல் வாங்கக் கூடாது.

வெண்கலத்துக்கு மிகவும் நெருக்கமாக வேடம் போடுவது ஸ்பெல்ட்டர் என்னும் துத்தநாகக் கலவை. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே மலிவு விலைச் சிலைகளை இதில் வார்த்து, மேலே செம்புப் பூச்சும் பழுப்பு நிறமும் ஏற்றினார்கள். பழையதுதான், ஆனால் வெண்கலமல்ல. அடிப்பகுதியிலோ உட்புறத்திலோ ஏற்கெனவே உராய்ந்த இடத்தை லென்ஸில் பாருங்கள். வெண்கலம் பொன்மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ தெரியும். ஸ்பெல்ட்டர் வெள்ளி கலந்த சாம்பல் நிறம். புதிதாகக் கீறிப் பார்க்கும் வேலை வேண்டாம், உரிமையாளர் அனுமதிக்கவும் மாட்டார். விரல் முட்டியால் தட்டினால் வெண்கலம் நீண்டு ஒலிக்கும், ஸ்பெல்ட்டர் மந்தமாக முடங்கும். பளிங்குப் பீடத்தோடு இறுக்கமாகப் பூட்டியிருந்தால் நல்ல வெண்கலமும் மந்தமாகவே ஒலிக்கும், ஆகவே ஒலியை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்பெல்ட்டர் எளிதில் உடையும். கணுக்காலிலும் மணிக்கட்டிலும் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் திரும்ப ஒட்டுவது கடினம், பற்றவைக்கும் சூட்டில் சுற்றியுள்ள பகுதியே உருகிவிடும். துத்தநாகம் சுமார் 420 டிகிரி செல்சியஸிலேயே உருகும்.

காந்தம் உடம்பில் ஒட்டினால் அது வெண்கல நிறம் பூசிய வார்ப்பிரும்பு. ஒரே ஒரு புள்ளியில், அதாவது கணுக்காலுக்குள்ளோ பீடத்தின் நடுவிலோ, லேசாக இழுத்தால் உள்ளே இரும்புக் கம்பியோ திருகோ இருக்கிறது என்று பொருள். அது இயல்பானதே. வெண்கலப் பொடி கலந்த பிசின் சிலைகள் கையில் எடுத்ததுமே தெரிந்துவிடும். அளவுக்குத் தகுந்த கனம் இருக்காது, உள்ளங்கையில் வைத்தால் சீக்கிரம் சூடேறும்.

படி 4: கவிழ்த்துப் பாருங்கள்

ஒரு சிலையைப் பற்றிய உண்மை அதிகம் கிடைப்பது அடியில்தான். முகத்தை எப்படியும் சரிசெய்யலாம். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்த உட்புறத்தில் வேலையைக் கவனமாக மறைப்பவர்கள் குறைவு.

பாரிஸ் சிலைகள் பெரும்பாலும் மணல் வார்ப்பு. உட்புறம் மணல் தாள் போல சொரசொரப்பாக, ஓரளவு சீரான தடிமனோடு, புகை படிந்த பழுப்பாக இருக்கும். சுவர் வழக்கமாக 3 முதல் 6 மி.மீ. தடிமன். உடல், கைகள், தலை, கையிலுள்ள ஆயுதம் ஆகியவற்றைத் தனித்தனியே வார்த்து, வெண்கல ஆணிகளை அடித்து இணைத்திருப்பார்கள். இணைப்பு கங்கணத்தின் ஓரத்திலோ துணி மடிப்பிலோ மறைந்திருக்கும். மேல்நிறம் தேய்ந்த இடங்களில் ஆணியின் தலை மங்கலான வட்டமாகத் தெரியும். புதியவர்கள் இதை உடைந்து ஒட்டியது என்று நினைத்து விலகிவிடுகிறார்கள். உண்மையில் அது பழைய முறைக்கு நல்ல அடையாளம்.

நேபிள்ஸில் மெழுகு வார்ப்பு அதிகம், அதாவது மெழுகு மாதிரியைச் சுற்றி அச்செடுத்து, மெழுகை உருக்கி நீக்கிவிட்டு உலோகத்தை ஊற்றும் முறை. உட்புறம் வெளிப்புறத்தின் மேடுபள்ளங்களைப் பின்பற்றும். மெழுகு வழிந்த தாரையும் தூரிகைத் தடமும் உலோகத்தில் அப்படியே பதிந்திருக்கும். இடுக்குகளில் பழுப்பாகவோ செம்மண் நிறமாகவோ, வார்ப்பின் உள்ளே நிரப்பியிருந்த மண் ஒட்டியிருக்கலாம்.

இவற்றோடு ஒத்துவராத அடையாளங்கள் இவை. உட்புறம் முழுக்கக் கறுப்பு வண்ணம் பூசியிருந்தால் எதையோ மறைத்திருக்கிறார்கள். வெண்சாம்பல் நிறத் தூள் இடுக்குகளில் கெட்டியாக ஒட்டியிருந்தால் அது மெழுகு மாதிரியின் மேல் பீங்கான் ஓடு கட்டி வார்க்கும் நவீன முறையின் எச்சம். ஆணிக்குப் பதிலாக மின்பற்றவைப்பின் ஒழுங்கான கோடும், அதைச் சக்கரத்தால் தேய்த்த பளபளப்பும் இருந்தால் சமீபத்திய வேலை. திருகாணிகளையும் பார்க்கத் தவறாதீர்கள். பழையவற்றில் கையால் வெட்டிய சதுர நட்டும் ஒற்றைக் கோடு போட்ட திருகும் வரும். கூட்டல் குறி வெட்டிய பிலிப்ஸ் திருகு 1930களில் வந்தது. அறுகோண நட்டோடு துத்தநாகப் பளபளப்பு இருந்தால் குறைந்தபட்சம் பீடத்தை அண்மையில் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள். திருகு மாறியிருப்பதால் மட்டும் சிலை போலி ஆகிவிடாது. ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

விலை அதிகம் என்றால் எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறையில் கலவையைச் சோதிக்கச் சொல்லலாம். கையடக்கக் கருவியே போதும், சிலைக்குச் சேதமில்லை. மேல்நிறம் இல்லாத அடிப்பகுதியில் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் நிறமேற்றிய உப்புகளே கணக்கில் வந்துவிடும். 19ஆம் நூற்றாண்டுக் கலவையில் செம்போடு வெள்ளீயம், துத்தநாகம், கொஞ்சம் ஈயம் இருப்பதே வழக்கம். வெள்ளீயம் இல்லாமல் சிலிக்கன் 4 சதவீத அளவில் இருந்தால் அது 20ஆம் நூற்றாண்டின் சிலிக்கன் வெண்கலம். அதற்குமேல் விவாதிக்க எதுவுமில்லை.

படி 5: விரல்கள், முடி, காது

வார்த்தெடுத்த சிலை முடிந்த சிலையல்ல. அச்சின் தையல் கோடுகளை அரத்தால் நீக்கி, முடிக்கற்றையையும் நகத்தையும் கண்ணிமையையும் உளியால் கூர்மையாக்கும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும். பாரிஸின் நல்ல வார்ப்பகங்களில் செலவும் நேரமும் பெருமளவு இதற்கே போயின. லென்ஸை எடுத்து மூன்று இடங்களைப் பாருங்கள். கால் விரல்களுக்கு இடையே பிளவு ஆழமாக இருக்கிறதா, அல்லது விரல்கள் ஒன்றோடொன்று குழைந்திருக்கின்றனவா? காதின் உட்புறம் குடைந்திருக்கிறதா, வெறும் குழியா? முடிக்கற்றைகளின் இடையே உளித்தடம் கூராக விழுந்திருக்கிறதா? சோப்புக் கட்டியில் செய்தது போல எல்லா ஓரமும் உருண்டு வழுவழுப்பாக இருந்தால், முடிந்த ஒரு சிலையிலிருந்து அச்செடுத்து மறுவார்ப்புச் செய்தது என்று சந்தேகப்படலாம்.

மறுவார்ப்பைப் பிடிக்க அளவும் உதவும். வெண்கலம் ஆறும்போது சுமார் 1.5 முதல் 2 சதவீதம் சுருங்கும். வார்ப்பகமே வார்த்து விற்ற உண்மையான பதிப்பில் குதிகாலிலிருந்து உச்சி வரை 60 செ.மீ. என்றால், அதிலிருந்து அச்செடுத்த சிலை ஏறக்குறைய 59 செ.மீ.தான் வரும். அச்செடுக்கும் பொருளும் சுருங்கினால் இன்னும் குறையும். மொத்த உயரத்தை அளந்தால் பீடத்தின் வேறுபாடு கணக்கைக் கெடுத்துவிடும். குதிகால் முதல் உச்சி வரையும், ஒரு தோளிலிருந்து மறுதோள் வரையும், முழங்காலிலிருந்து பாதம் வரையும் தனித்தனியே அளந்து எழுதி, அதே பதிப்பின் நம்பகமான சிலையோடு ஒப்பிடுங்கள். மூன்றும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் சந்தேகம் உறுதியாகிறது.

படி 6: முத்திரையைக் கடைசியில் பாருங்கள்

வேண்டுமென்றே இதைப் பின்னால் வைத்திருக்கிறோம். பெயரை முதலில் பார்த்தால் கண் மற்றதைப் பார்க்க மறுக்கும்.

பார்பெடியென் சிலைகளில் 'எஃப். பார்பெடியென், ஃபோந்தூர்' என்று பீடத்தின் பக்கவாட்டில் இருக்கும், ஃபோந்தூர் என்றால் வார்ப்பவர். அருகில் கோலாஸின் இயந்திரச் சுருக்கத்தைக் குறிக்கும் சிறு வட்ட முத்திரை இருக்கலாம். உட்புறத்தில் எண்கள் பொறித்தோ மையால் எழுதியோ இருக்கும். அது பதிப்பின் வரிசை எண்ணல்ல. இந்தப் பிரதிகள் எண்ணிக்கை வரம்பில்லாமல் விற்கப்பட்டவை, '1/8' (எட்டில் முதலாவது) போன்ற குறி இருந்தால் அது பிற்காலப் பழக்கம்.

எழுத்துகள் உலோகம் ஆறிய பின் வெட்டியவையா, அச்சிலேயே வந்தவையா என்று லென்ஸில் பாருங்கள். வெட்டிய எழுத்தின் அடி கூராக, ஓரம் தெளிவாக இருக்கும். மறுவார்ப்பில் எழுத்து வீங்கி, அடி மழுங்கி, பக்கத்தில் சிறு குமிழிகள் தெரியும். 'பாரிஸ், உத்தரவாத வெண்கலம்' என்று பிரெஞ்சில் வட்டமாகப் பொறித்த பளபளப்பான தகடு பெரும்பாலும் அண்மைக்கால வார்ப்புகளில் வருவது. அதைப் பார்த்து மகிழ வேண்டாம். பிரான்சில் 1981-ல் வந்த அரசாணைப்படி பிரதிகளில் அது பிரதி என்ற சொல் அழியாதபடி இருக்க வேண்டும். அந்தச் சொல் இருந்தால் காலம் தெளிவு, யாராவது அரத்தால் நீக்கியிருந்தால் தேய்ந்த பள்ளம் இருக்கும். 'இத்தாலி' என்று ஆங்கிலத்தில் நாட்டின் பெயர் பொறித்திருந்தால், 1891 முதல் அமெரிக்கா இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியதை நினைவில் கொள்ளுங்கள்: சிலை பெரும்பாலும் அதற்குப் பிந்தியது.

முத்திரையே இல்லாத நல்ல சிலைகளும் உண்டு, குறிப்பாக நேபிள்ஸில். முத்திரையற்ற கூரான வார்ப்பு, முத்திரையுள்ள மழுங்கிய வார்ப்பைவிட எப்போதும் மேல்.

படி 7: மேல்நிறமும் பழுதும்

பாட்டினா என்னும் மேல்நிறம் வண்ணப்பூச்சல்ல. சூடேற்றிய உலோகத்தில் கந்தகச் சேர்மம் பட்டால் பழுப்பும் கருமையும், இரும்பு நைட்ரேட்டால் செம்பழுப்பு, செம்பு நைட்ரேட்டால் பச்சை என்று உலோகத்தோடு வினைபுரிந்து உருவாவது. அதன் மேல் மெழுகு. காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சுக் குச்சியை மறைவான இடத்தில் உருட்டிப் பாருங்கள். பச்சையோ பழுப்போ பஞ்சில் இறங்கினால் அது பூசிய நிறம். அசிட்டோனைத் தொடாதீர்கள். பழைய சிலைகளில் அரக்குப் பூச்சு இருப்பதுண்டு, அது கரைந்து போனால் மீட்க முடியாது.

தேய்மானம் கை படும் இடத்தில் இருக்க வேண்டும்: தோள், முழங்கால், மூக்கு நுனி, பீடத்தின் விளிம்பு. அக்குளிலும் துணி மடிப்பின் உள்ளேயும் தேய்ந்து, தோள் மட்டும் புதிதாக இருந்தால் இயந்திரத் தூரிகையால் 'பழமை' ஏற்றியிருக்கிறார்கள்.

எந்தச் சிலையில் எது உடையும் என்று தெரிந்திருந்தால் நேரே அங்கே போகலாம். மெர்குரியின் முழு எடையும் ஒரு கால் விரலில் நிற்பதால் கணுக்கால் வளைந்து சிலை சாயும். நான்கு பக்கமிருந்தும் பார்த்து, மெல்லத் தொட்டு ஆடுகிறதா என்று கவனியுங்கள். அவன் கையிலுள்ள பாம்புக்கோல் திருகிப் பொருத்தியது, தொலைந்து வேறு வாங்கிப் போட்டது நிறைய. நிறம் வேறுபடுவதும் மரை சரியாக அமராததும் காட்டிக்கொடுக்கும். ஆண் சிலைகளில் நிர்வாணத்தை மறைக்கப் பிற்காலத்தில் அத்தி இலை பொருத்தியிருக்கலாம். அதைப் பிடுங்கினால் ஆணித் துளை நிலைத்துவிடும், அப்படியே விடுங்கள்.

பளிங்குப் பீடம் மாற்றப்பட்டிருப்பது மிகச் சாதாரணம். சிலையின் அடித்தடமும் பளிங்கில் படிந்த நிழலும் ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு, விலையில் அதைக் கணக்கில் எடுங்கள்.

படி 8: ஏலத்தில், ரசீதில்

ஏலப் பட்டியலின் சொற்கள் சட்டப்படி எடைபோட்டு எழுதப்பட்டவை. 'இன்னார் வார்த்தது' என்றால் அவர்கள் பொறுப்பேற்கிறார்கள். 'இன்னாருடையதாகக் கருதப்படுவது' என்றால் நம்புகிறார்கள், உறுதி சொல்லவில்லை. 'இன்னாரின் மாதிரியைப் பின்பற்றி' என்றால் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் செய்திருக்கலாம். 'கையொப்பம் தாங்கியது' என்றால் கையொப்பம் இருக்கிறது, அவ்வளவே. ஏலத்துக்கு முன் நிலை அறிக்கையும், அடிப்பகுதி, உட்புறம், முத்திரை, கணுக்கால், கை இணைப்பு ஆகியவற்றின் படங்களும் கேளுங்கள். அனுப்ப மறுத்தால் கையைத் தூக்காதீர்கள். ஏலத்தில் முடிந்த விலைக்கு மேல், வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தர வேண்டிய கட்டணம் கால்பங்கு அளவுக்கும் வரலாம். வரியும் அனுப்பும் செலவும் அதற்குமேல்.

ரசீதில் வார்ப்பகம், ஏறக்குறைய எந்த ஆண்டு, உலோகம், உயரம் ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருள்களுக்குச் சுங்க வகைப்பாட்டில் 9706 என்ற தனித் தலைப்பு இருக்கிறது. வயதுக்கு எழுத்துச் சான்று இல்லாமல் அது கிடைக்காது. யாராவது இது பிரதியல்ல, உண்மையான ரோமானிய வெண்கலமே என்று சொன்னால் அது முற்றிலும் வேறு சந்தை. யுனெஸ்கோவின் 1970 உடன்படிக்கைக்கு முன்பே அது எங்கே இருந்தது என்று காட்டும் ஆவணம் இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

படி 9: வீட்டுக்கு வந்தபின்

முதல் வேலை எதையும் தேய்க்காமல் இருப்பது. பித்தளை மெருகுப் பசை நூற்றாண்டு நிறத்தைப் பத்து நிமிடத்தில் அழித்துவிடும், போனது திரும்பாது. மென்மையான தூரிகையால் தூசி தட்டுங்கள். அழுக்கு இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஓரிரு சொட்டு மிதமான சோப்பு கலந்து பஞ்சால் ஒற்றி, வெறும் நீரால் மீண்டும் ஒற்றி, உடனே உலர்த்துங்கள். குழாய் நீர் கூடாது, அதில் குளோரைடு இருக்கும். நன்றாக உலர்ந்த பின் அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் நுண்படிக மெழுகை மிக மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மென்தூரிகையால் மெருகேற்றுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை போதும். பொன்முலாம் பூசிய பகுதியை மெழுகாமல் விட்டுவிடுங்கள்.

உண்மையான எதிரி குளோரைடு. வியர்வையிலும் கடற்காற்றிலும் இருந்து வந்து செம்போடு சேர்ந்த குளோரைடு, ஈரம் கிடைத்ததும் உலோகத்தை உள்ளிருந்து அரிக்கத் தொடங்கும். வெளிர்பச்சைத் தூளாகப் புள்ளி புள்ளியாக வெளியே வரும். சாதாரணக் களிம்பு கெட்டியாக ஒட்டியிருக்கும். இது துடைத்தால் உதிரும், சில நாளில் அதே இடத்தில் மீண்டும் முளைக்கும். பார்த்தவுடன் அந்தச் சிலையை மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்து, உலோகப் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள். அதற்குப் பயன்படும் பென்சோட்ரையசோல் நச்சுப்பொருள், வீட்டில் முயல வேண்டாம். ஆரோக்கியமான சிலைகளையும் கையுறையோடு தூக்குங்கள், எப்போதும் அடியிலிருந்து, ஒருபோதும் கையைப் பிடித்தல்ல. ஓக் மர அலமாரி அமில ஆவி விடும். கம்பளித் துணியும் ரப்பரும் கந்தகம் விட்டு வெண்கலத்தைக் கறுக்க வைக்கும். சிலையின் அடியில் பருத்தி விரிப்பு போடுங்கள்.

இடம் மாற்றும்போது சிலையைப் பளிங்குப் பீடத்தோடு நிறுத்தி அனுப்பாதீர்கள். குலுக்கலில் பளிங்கு பிளக்கும், கணுக்கால் வளையும். கழற்றும் முன் சிலையின் முன்பக்கம் பீடத்தில் எங்கே வருகிறது என்று அடியில் பென்சிலால் குறித்துவையுங்கள். அமிலமற்ற தாளில் சுற்றிய பிறகே நுரைக்குள் மல்லாக்கப் படுக்கவையுங்கள். குமிழி உறையை நேரே சுற்றினால் மெழுகில் வட்ட வட்டமாகத் தடம் விழும். பாம்புக்கோல் போன்ற தனிப் பாகங்களை வேறு பொட்டலமாகக் கட்டி அதே பெட்டியில் வையுங்கள். மறுபடி பூட்டும்போது நட்டுக்கும் பளிங்குக்கும் நடுவே தோல் வளையம் ஒன்றைப் போட்டு, விரலால் இறுகும்வரை திருகி, ஸ்பானரால் கால் சுற்றோடு நிறுத்துங்கள்.